கும்பகோணம் பழைய வீடு: முன்கட்டுல ஸ்பீடு பறக்குது, பின்கட்டுல வைஃபை சுத்தமா இல்ல, எந்த ரவுட்டர் வாங்கலாம்?

கும்பகோணத்துக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். தாத்தா கட்டின வீடு, அகலம் கம்மி, நீளம் மட்டும் தெருவுல ஆரம்பிச்சு கொல்லை வரைக்கும் போய்ட்டே இருக்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், ரெண்டாங்கட்டு, சமையல்கட்டு, அப்புறம் கொல்லை. ஃபைபர் கனெக்‌ஷன் குடுக்க வந்தவங்க உள்ள வரைக்கும் இழுக்க சோம்பல்பட்டு ரேழியிலயே பெட்டிய மாட்டிட்டு போய்ட்டாங்க. 200 எம்பிபிஎஸ் பிளான். நான் வேலை பாக்குறது ரெண்டாங்கட்டு மாடி ரூம்ல, அங்க மீட்டிங் சேர்ந்தா என் முகம் அப்படியே உறைஞ்சு நிக்குது, மேனேஜர் தினமும் கலாய்க்கிறார். கடையில கேட்டா ஆறு ஆன்டெனா வெச்ச கேமிங் ரவுட்டர் 12,000 ரூபாய், அதான் ஒரே வழின்றார். ஃப்ரெண்டு மெஷ் (ஒண்ணோட ஒண்ணு வைஃபைல பேசுற ரெண்டு மூணு பெட்டி செட்) வாங்குன்றான். என் பட்ஜெட் 5,000, இழுத்துப் புடிச்சா 6,000. சுவத்துல ஓட்டை போட அம்மா விடமாட்டாங்க, அதையும் சொல்லிடுறேன்.

தல_கேமர்:
ப்ரோ யோசிக்காம அந்த ஆறு ஆன்டெனாவ தூக்கிடு. என் ஃப்ளாட்ல வெச்சிருக்கேன் பாத்ரூம் வரைக்கும் ஃபுல் சிக்னல். காசு குடுத்தா தான் ப்ரோ குவாலிட்டி.

கிரிம்பிங்டூல்:
தம்பி, எதையும் வாங்குறதுக்கு முன்னாடி மூணு டெஸ்ட் பண்ணிட்டு வாங்க. முதல்ல லேப்டாப்ப லேன் கேபிள் போட்டு நேரா ஃபைபர் பெட்டியில சொருகி ஸ்பீடு பாருங்க. ரெண்டாவது அதே ரேழியில பெட்டிக்கு பக்கத்துலயே நின்னு 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைல (வேகமான பேண்ட், இன்னொண்ணு தூரம் போற 2.4) பாருங்க. மூணாவது ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு ஒவ்வொரு கட்டுலயும் சிக்னல் எத்தனை டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு) காட்டுதுன்னு குறிச்சுக்குங்க, மைனஸ்ல தான் காட்டும், மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் தாங்கும், மைனஸ் 80 தாண்டினா இருந்தும் இல்லாத கணக்கு. இந்த மூணும் தெரியாம சொல்ற ஆலோசனை எல்லாம் ஜோசியம்.

கோவை_குசும்பு:
கடைக்காரருக்கு ஜோசியம் தாங்க வருமானமே 😂

கும்பகோணத்துக்காரன்:
அண்ணா பாத்துட்டேன். கேபிள்ல 94, அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. ரேழியில வைஃபைல 190 வருது, இது எப்படின்னு புரியல, கேபிள விட வைஃபை ஸ்பீடா?? கூடத்துல 5 ஜிகா மைனஸ் 62. முற்றம் தாண்டி ரெண்டாங்கட்டு நடைபாதையில மைனஸ் 71, ஆனா அதே இடத்துல ரெண்டடி தள்ளி பக்கத்து ரூமுக்குள்ள போனா மைனஸ் 85. மாடி ரூம்ல 5 ஜிகா காணவே காணோம், 2.4 மட்டும் மைனஸ் 84, ஸ்பீடு 3, 4ன்னு தள்ளாடுது.

கிரிம்பிங்டூல்:
இப்ப பேசலாம். ஒவ்வொண்ணா.

94 வருதுன்னா அது 100 எம்பிபிஎஸ் லிங்க், அவ்ளோதான். ஃபாஸ்ட் ஈதர்நெட்ல (அந்த 100 லிங்கோட பேரு) பாக்கெட் தலைப்பு, இடைவெளி எல்லாம் போக மிச்சம் கைக்கு வர்றது 94, 95 தான், அந்த நம்பர பாத்தவுடனே சந்தேகம் வரணும். காரணம் ரெண்டுல ஒண்ணு. சில ஃபைபர் பெட்டியில நாலு லேன் போர்ட் இருந்தாலும் ஒண்ணு மட்டும்தான் ஜிகாபிட்டா (1000 எம்பிபிஎஸ்) இருக்கும், மிச்சமெல்லாம் 100. நீங்க தப்பான ஓட்டையில சொருகியிருக்கலாம். இல்லேன்னா கேபிள். ஜிகாபிட் ஓட நாலு ஜோடி கம்பியும் வேணும், 100க்கு ரெண்டு ஜோடி போதும், அதனால ஒரு ஜோடி அறுந்திருந்தா லைட் எரியும், நெட் வரும், எல்லாம் நல்லாத்தான் இருக்கும், ஆனா சத்தமில்லாம 100க்கு இறங்கிடும். கேபிள மாத்தி, போர்ட்ட மாத்தி பாருங்க.

அடுத்து அந்த நடைபாதை விஷயம், அது தான் உங்க வீட்டோட ரகசியமே. பழைய வீடுகள்ல வாசல்ல நின்னா கொல்லை தெரியும், எல்லா நிலைவாசலும் ஒரே நேர்கோட்டுல இருக்கும். சிக்னல் அந்த வழியா நேரா பாயுது, முற்றம் வேற திறந்தவெளி, அங்க தடையே இல்ல. அந்த நேர்கோட்ட விட்டு விலகி பக்கத்து ரூமுக்கு போனா செங்கல் சுண்ணாம்பு சுவர், தடிமன் ஒண்ணரை அடி ரெண்டடி இருக்குமே. 5 ஜிகா அலை அந்த சுவர்லயே செத்துப்போகும். 2.4 கொஞ்சம் ஊடுருவும், அதான் மாடியில மைனஸ் 84 ஆவது வருது.

இப்ப ஆறு ஆன்டெனா கதை. டிபிஎம்ல 3 கூடணும்னா பவர ரெண்டு மடங்காக்கணும். உங்களுக்கு மைனஸ் 84ல இருந்து மைனஸ் 67 வரணும், 17 டிபி, கிட்டத்தட்ட 50 மடங்கு. எந்த கடையில 50 மடங்கு பவர் விக்கிறாங்க? அரசாங்கம் வெச்ச பவர் உச்சவரம்பு 1,500 ரூபா ரவுட்டருக்கும் 15,000 ரூபா ரவுட்டருக்கும் ஒண்ணுதான். அப்படியே கூட்டினாலும் வைஃபை ஒருவழி பேச்சு இல்ல, ரேழியில மைக் வெச்சு கத்தினா பின்கட்டுல இருக்கிற பாட்டிக்கு கேக்கும், பாட்டி சொல்ற பதில் உங்களுக்கு கேக்கணுமே? போன்ல இருக்கிறது குட்டி ட்ரான்ஸ்மிட்டர், பேட்டரிய மிச்சம் பண்ண பாக்குற ஜந்து. அதனால தான் சில பேர் ஃபுல் சிக்னல் காட்டுது ஆனா நெட் நகரலன்னு புலம்புறாங்க. ஆன்டெனா கூட இருந்தா ரவுட்டருக்கு காது கொஞ்சம் கூர்மையாகும், அத மறுக்கல, ஆனா சில டிபி தான். உங்க சுவர் அத விட பெருசு.

தல_கேமர்:
அண்ணே அப்போ என் வீட்ல எப்படி வருது 🤔

கிரிம்பிங்டூல்:
உங்க ஃப்ளாட் 800 சதுரடி, சுவர் நாலரை இன்ச். 2,000 ரூபா ரவுட்டர் வெச்சிருந்தாலும் பாத்ரூம்ல வந்திருக்கும் தம்பி.

டொரொண்டோ_தமிழன்:
இந்த யூடியூப் ரிவியூக்களைப் பாத்து வாங்கிறவைக்கு ஒரு விசயம் சொல்லவேணும். நான் இருக்கிறது கனடாவில, இங்கத்தைய வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில ஜிப்சம் பலகை அடிச்சுக் கட்டினது. ரவுட்டரை பேஸ்மென்ட்டில வைச்சாலே மேல் மாடியில ஓரளவு எடுக்கும். ஒரு ரவுட்டரே 3,000 சதுரடிக்குக் காணும் எண்டு பெட்டியில போடுற கணக்கு இப்பிடியான வீடுகளுக்குத்தான் பொருந்தும். போன வருசம் யாழ்ப்பாணத்தில அம்மாவின்ர வீட்டுக்கு இஞ்ச வாங்கின அதே மொடலைக் கொண்டுபோய்ப் பூட்டினன், கொங்கிரீட் பிளேட்டுக்கு மேல ஒண்டுமே எடுக்கேல்லை. அங்க கடைசியா ஒரு வயர் இழுத்துத்தான் சரிவந்தது.

செல்வி_மடிப்பாக்கம்:
எல்லாரும் மெஷ்ஷ விட்டுட்டீங்களே. எங்க வீடு தரைத்தளம் பிளஸ் ரெண்டு மாடி, மூணு யூனிட் மெஷ் போட்டு இப்ப பிரச்சனையே இல்ல. ஓட்டை வேணாம், வயர் வேணாம், ஆப்ல நாலு பட்டன் அமுக்கினா முடிஞ்சுது. மாமியாரே செட் பண்ணிட்டாங்க.

கிரிம்பிங்டூல்:
மெஷ் தப்புன்னு சொல்ல வரலம்மா. ஆனா பட்ஜெட்ல கிடைக்கிறது எல்லாம் ரெண்டு பேண்ட் மெஷ். ஒரு யூனிட் இன்னொரு யூனிட்டோட பேசுறதும், உங்க போனோட பேசுறதும் ஒரே 5 ஜிகா ரேடியோல தான், ஒரே நேரத்துல ரெண்டு வேலை முடியாது, அதனால ஒரு தாவலுக்கு ஸ்பீடு பாதியா போகும். 200ல பாதி 100ன்னா யாருக்கும் நஷ்டமில்ல, உங்க வீட்ல நல்லா ஓடுறதுக்கு அது காரணம். இவர் வீட்ல சிக்கல் வேற. ரெண்டாவது யூனிட்ட எல்லாரும் சிக்னல் செத்த இடத்துல கொண்டுபோய் வெக்கிறாங்க. அதுக்கே சோறு இல்ல, அது யாருக்கு பரிமாறும்? சிக்னல் இன்னும் நல்லா இருக்கிற இடத்துல, பாதி வழியில வெக்கணும். இவர் வீட்ல பாதி வழின்னா முற்றம், மழையில நனையும் 😄

செல்வி_மடிப்பாக்கம்:
கூடத்துல வெக்கலாமே? முற்றத்த பாத்த மாதிரி? கூடத்துல மைனஸ் 62ன்னு தானே சொன்னார்.

கிரிம்பிங்டூல்:
நல்ல கேள்வி. வெக்கலாம். ஆனா கூடத்துல யூனிட் வெக்கிறதுக்கு பதிலா ஃபைபர் பெட்டியவே கூடத்துக்கு கொண்டு வந்துட்டா? ஒரு தாவல் மிச்சம். இது யாருக்குமே தோண மாட்டேங்குது, பெட்டி மாட்டின இடம் ஏதோ சாமி சிலை பிரதிஷ்டை பண்ண இடம்னு நினைக்கிறாங்க. உங்க ஃபைபர்காரர்கிட்ட ஷிஃப்டிங் கேளுங்க, சில நூறு ரூபா வாங்குவார், இல்ல டீ காசு. ஃபைபர் கேபிள் சணல் கயிறு தடிமன் கூட இல்ல, நிலைவாசல் மேல் இடுக்கு வழியா போய்டும், ஓட்டையே வேணாம். ஒண்ணு மட்டும், மூலையில கேபிள மடக்கி ஆணி அடிக்க விடாதீங்க. வளைவு அரைவட்டமா தாராளமா இருக்கணும், கூரா மடக்கினா உள்ள ஒளி கசிஞ்சிடும். வேலை முடிஞ்சதும் பெட்டியோட செட்டிங்ஸ் பக்கத்துல ஆப்டிகல் பவர் ரிசீவ்டுன்னு ஒரு நம்பர் இருக்கும், மைனஸ் 27 தான் கடைசி எல்லை, 20, 22க்குள்ள இருந்தா நிம்மதி. 26ல நிக்குதுன்னா ஆள் போறதுக்குள்ள திரும்ப ஜாயின்ட் போடச் சொல்லுங்க, இல்லேன்னா மழைக்கு ஒரு நாள் சிவப்பு லைட் எரியும்.

பழையமோடம்:
டெலிபோன் வயரில் கீகீ என்று கத்தும் மோடம் வைத்து மெயில் பார்த்தவன் நான், இப்போது ஒளி கசிகிறது என்று பேசுகிறீர்கள், கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஒரு துணுக்கு: 2002 கடைசியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலநிற ரவுட்டருக்குள் லினக்ஸ் (யாரும் மாற்றி எழுதக்கூடிய இலவச இயங்குதளம்) ஓடுகிறது என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்து, லைசென்ஸ்படி சோர்ஸ் கோடு வெளியிட வைத்தார்கள். அதிலிருந்து தான் 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் பிறந்தது. பழைய ரவுட்டர் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், அதற்கு அந்த மென்பொருள் கிடைக்கிறதா என்று பாருங்கள், அருமையாக ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) ஆகிவிடும்.

கும்பகோணத்துக்காரன்:
அண்ணா பெட்டிய கூடத்துக்கு மாத்த சொல்லிட்டேன், நாளைக்கு வர்றேன்னுருக்கார். அப்பவும் மாடி ரூம் வருமா? இன்னொரு டவுட், ரெண்டாவது ரவுட்டர் வாங்குறதுன்னா ஏசி1200, ஏஎக்ஸ்1500ன்னு போட்டிருக்கே, அதுல எது?

கிரிம்பிங்டூல்:
மாடி ரூம் வராது. மெட்ராஸ் டெரஸ் தளம், தேக்கு உத்தரம் மேல செங்கல், அதுக்கு மேல சுண்ணாம்பு ஜல்லி. அதுக்கு ஒரு லேன் கேபிள் கூடத்துல இருந்து முற்றத்து தாழ்வாரம் ஓரமா போய் மாடிப்படி வழியா ஏறணும். முற்றத்துல வெயில் அடிக்கிற இடத்துக்கு கறுப்பு உறை போட்ட அவுட்டோர் கேட் 6 கேபிள் கேளுங்க, சாதா சாம்பல் கலர் கேபிள் வெயில்ல வெடிச்சிடும். முழு செம்பு தானான்னு கேட்டு வாங்குங்க. அலுமினியத்து மேல செம்பு முலாம் பூசினது சீப்பா கிடைக்கும், வளைச்சா உடையும், கிரிம்ப் பண்ணா (நுனியில பிளக் அமுக்கி மாட்டினா) நிக்காது. சந்தேகம்னா நுனிய கத்தியால சுரண்டுங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா திருப்பிக் குடுத்துடுங்க. ஓட்டு மேல, மொட்டை மாடி மேல அந்தரத்துல தொங்க விடாதீங்க, இடி மாசத்துல ரெண்டு முனையில இருக்கிற பெட்டியும் போய்டும்.

ஏசி1200ன்னா ஒரு போனுக்கு 1200 வரும்னு அர்த்தமில்ல. 2.4ல 300, 5 ஜிகால 867, ரெண்டையும் கூட்டி மேல கொஞ்சம் உருட்டி போட்ட நம்பர். அந்த 867ம் காத்துல ஓடுற லிங்க் ரேட் தான், கைக்கு 500, 600 வந்தாலே பெரிய விஷயம். நீங்க பெட்டியில பாக்க வேண்டியது அது இல்ல, வேன் போர்ட்டும் (நெட் உள்ள வர்ற ஓட்டை) லேன் போர்ட்டும் (வீட்டு சாதனங்களுக்கான ஓட்டை) ஜிகாபிட்டான்னு பாருங்க. டிபி-லிங்க் கம்பெனியிலயே ஆர்ச்சர் சி50 ஏசி1200 தான், போர்ட் 100. சி6ம் ஏசி1200, போர்ட் ஜிகாபிட். பேரு ஒண்ணு, விலை வித்தியாசம் கொஞ்சம், உங்க 200 பிளான்ல பாதி சி50ல வாசல்லயே நின்னுடும்.

கோவை_குசும்பு:
வைஃபை 6 வேணாம்ங்களா? இப்ப வைஃபை 7ன்னே வந்தாச்சுங்களே.

கிரிம்பிங்டூல்:
200 பிளானுக்கு வைஃபை 5 (ஏசின்னு போட்டது) போதும், ஆனா இப்ப விலை வித்தியாசம் சில நூறு தான், அதனால வைஃபை 6ஆன ஏஎக்ஸ்1500 ரகம் வாங்கிடலாம், நிறைய சாதனம் ஒரே நேரத்துல பேசும்போது அது நல்லா சமாளிக்கும். 7 இப்போதைக்கு வேணாம், வீட்ல அத பேசத் தெரிஞ்ச போன் எத்தனை இருக்கு? அந்த காசுக்கு நல்ல கேபிள் வாங்குங்க.

மீரா_சிசிடிவி:
இடையில வந்து கேக்குறதுக்கு மன்னிக்கணும் அண்ணா, புது ரவுட்டர்ல போர்ட் ஃபார்வேர்டிங் (வெளியில இருந்து வீட்டு சாதனத்துக்கு வழி திறக்கிற செட்டிங்) எல்லாம் சரியா போட்டும் ஆபீஸ்ல இருந்து வீட்டு கேமரா டிவிஆர் (பதிவுப் பெட்டி) திறக்கவே மாட்டேங்குது. ரவுட்டர் கோளாறா?

கிரிம்பிங்டூல்:
ரவுட்டர்ல வேன் ஐபி (நெட் கம்பெனி குடுத்த அட்ரஸ்) என்னன்னு பாருங்க. 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா உங்க நெட் கம்பெனி பல வீட்டுக்கு ஒரே பப்ளிக் ஐபிய பங்கு போட்டு குடுக்குதுன்னு அர்த்தம், நீங்க எந்த கதவ திறந்தாலும் தெரு கேட் அவங்ககிட்ட பூட்டியிருக்கு. ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கே மாறாத தனி அட்ரஸ்) காசு கட்டி வாங்கணும், இல்ல டிவிஆர் கம்பெனியோட ஆப் வழியா பாருங்க. போர்ட் ஃபார்வேர்டிங் போட்டது எல்லாத்தையும் மூடிடுங்க, பாஸ்வேர்டும் மாத்துங்க, டிவிஆர்ல பாதி வீட்ல இன்னும் 123456 தான் ஓடுது.

கும்பகோணத்துக்காரன்:
அப்டேட்: பெட்டி கூடத்துக்கு வந்துடுச்சு, பவர் மைனஸ் 21. ஜிகாபிட் போர்ட் ஒண்ணுதான்னு அவரே காட்டினார், அதுல புது கேபிள் சொருகினா 198!! மாடிக்கு கேபிள் இழுத்தாச்சு, ஆணி கூட அடிக்கல, தாழ்வாரத்து மூங்கில்ல கட்டிட்டேன், அம்மா ஓகே. ஏஎக்ஸ்1500 ஒண்ணு வாங்கியிருக்கேன். இனி செட்டிங் எப்படி? அந்த விஸார்டு பிபிபிஓஇ யூசர்நேம் கேக்குது, முழிக்கிறேன்.

கிரிம்பிங்டூல்:
விஸார்ட மூடுங்க, அது கேக்குறது நெட் கம்பெனி லாகின். ஆப்பரேஷன் மோடுன்னு ஒண்ணு இருக்கும், அதுல ஆக்சஸ் பாயின்ட் போட்டு சேவ் பண்ணுங்க, அது ரீஸ்டார்ட் ஆகும். ரவுட்டர் மோடுலயே விட்டா ஃபைபர் பெட்டி ஒரு முறை அட்ரஸ் மாத்தும், இது இன்னொரு முறை மாத்தும், ரெண்டு தனித்தனி நெட்வொர்க் ஆகி மாடியில இருந்து கூடத்து பிரிண்டர் தெரியாது, ரெண்டு பெட்டியும் 192.168.1.1ன்னு ஒரே அட்ரஸ்ல உக்காந்தா இன்னும் கூத்து. ஆக்சஸ் பாயின்ட் மோடு இல்லாத பழைய ரவுட்டர்னா டிஹெச்சிபிய (சாதனங்களுக்கு அட்ரஸ் பங்கிடுற வேலை) அணைச்சு, அதுக்கு 192.168.1.2 மாதிரி வேற அட்ரஸ் குடுத்து, வேன் ஓட்டைய தொடாம லேன் ஓட்டையில கேபிள் சொருகினா அதே வேலை நடக்கும்.

வைஃபை பேரும் பாஸ்வேர்டும் ரெண்டு பெட்டியிலயும் ஒரே எழுத்து, ஒரே கேப்பிடல், செக்யூரிட்டி வகையும் ஒண்ணே. சேனல் மட்டும் வேற வேற. 2.4ல கூடத்துக்கு 1, மாடிக்கு 11, இல்ல அனலைசர்ல பாத்து 6. இந்த மூணுதான் ஒண்ணோட ஒண்ணு மோதாது, நடுவுல 3, 4ன்னு வெச்சா பக்கத்து வீடு ரெண்டு பேரோடயும் சண்டை. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், 40 ஆசைப்படாதீங்க. 5 ஜிகால ஒண்ணுக்கு 36, இன்னொண்ணுக்கு 149, அகலம் 80. நடுவுல 52ல இருந்து 144 வரைக்கும் இருக்கிறது ரேடாரோட பங்கு போடுற சேனல், ரவுட்டர் அங்க போனா குறைஞ்சது ஒரு நிமிஷம் ரேடார் இருக்கான்னு காது குடுத்துட்டு தான் வாய திறக்கும், திடீர்னு கட்டாகும்.

செக்யூரிட்டி டபிள்யூபிஏ2, 3 ரெண்டும் கலந்தது வைங்க, தனியா 3 வெச்சா பழைய டிவி, ஸ்மார்ட் பல்பு சேராது. டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டுக்கு பதிலா பட்டனோ பின்னோ வெச்சு சேர்க்கிற வசதி) அணைச்சிடுங்க. 8 இலக்க பின் தானேன்னு தோணும், ஆனா ரவுட்டர் அத ரெண்டு பாதியா சரி பாக்குது, கடைசி இலக்கம் வெறும் கணக்கு சரிபார்ப்பு, அதனால 11,000 முயற்சியில உடைச்சிடலாம்னு 2011லயே காட்டிட்டாங்க. அட்மின் பாஸ்வேர்ட் மாத்துங்க, அது வேற, வைஃபை பாஸ்வேர்ட் வேற.

செல்வி_மடிப்பாக்கம்:
ஒரே பேர் வெக்கிறதுல எனக்கு ஒப்புதல் இல்ல அண்ணா. ஸ்மார்ட் பிளக் சேர்க்கும்போது போன் 5 ஜிகால இருந்தா பிளக் கண்ணுக்கே தெரியாம ஒரு சாயந்திரமே போச்சு எனக்கு. 2.4க்கு தனி பேர் வெச்சப்புறம் தான் சேர்ந்துச்சு.

கிரிம்பிங்டூல்:
அதுக்கு கெஸ்ட் நெட்வொர்க் 2.4ல மட்டும் ஆன் பண்ணி பிளக், பல்பு எல்லாத்தையும் அதுல தள்ளிடுங்க. சில ஆப்புக்கு போனும் அதே நெட்வொர்க்ல இருக்கணும், அப்ப கொஞ்ச நேரம் போன அதுல போட்டு சேர்த்துட்டு திரும்ப மாத்திக்கலாம். ஆனா நீங்க சொல்ற மாதிரி தனி பேர் வெச்சு சந்தோஷமா இருக்கிறவங்களும் இருக்காங்க, அது ருசி.

கும்பகோணத்துக்காரன்:
மாடி ரூம்ல 185!!! மேனேஜர் முகமே தெளிவா தெரியுது, அது தேவையில்லாத ஆணி 😅 ரெண்டு விஷயம் பாக்கி. கூடத்துல இருந்து மாடிக்கு நடந்து வந்தா போன் கூடத்து சிக்னலயே விடாம புடிச்சுக்குது, வைஃபை அணைச்சு போட்டா தான் மாடி பெட்டிக்கு மாறுது. திண்ணையில அப்பாவுக்கு முன்ன விட சிக்னல் கம்மி, பேப்பர் படிக்கிற நேரத்துல யூடியூப் எதுக்குன்னு சமாளிச்சு வெச்சிருக்கேன்.

கிரிம்பிங்டூல்:
எங்க மாறணும்னு முடிவெடுக்கிறது ரவுட்டர் இல்ல, போன். 2.4 தூரம் போறதால அது விட மனசில்லாம இருக்கு. ரெண்டு பெட்டியிலயும் 2.4 ட்ரான்ஸ்மிட் பவர் ஹைல இருக்கும், மீடியமோ லோவோ வைங்க, 5 ஜிகா மட்டும் ஹைல இருக்கட்டும். ஃபைபர் பெட்டியில அந்த ஆப்ஷன் சதவீதத்துல இருக்கும். அப்பாவுக்கு: பெட்டிய டிவி பின்னாடி, பீரோ பக்கத்துல வெச்சிருந்தா எடுத்து நிலைவாசல் கோட்டுக்கு நேரா ஆளுயரத்துல வைங்க.

கும்பகோணத்துக்காரன்:
பீரோ மேல தான் இருந்துச்சு அண்ணா, எப்படி கண்டுபுடிச்சீங்க 😂 சுவத்துக்கு மாத்திட்டேன், அப்பா யூடியூப் ஓடுது. 2.4 மீடியம் வெச்சதும் போன் தானா மாறுது, படியேறும்போது ஒரு செகண்ட் தடுமாறுது, பரவால்ல. கரன்ட் கட்டுக்கு மினி யூபிஎஸ் வாங்கலாம்னு இருக்கேன், ஒண்ணுலயே ரெண்டு பெட்டியும் ஓடுமா?

கிரிம்பிங்டூல்:
ஒண்ணு கூடத்துல, ஒண்ணு மாடியில, எப்படி ஒண்ணுல ஓடும், ரெண்டு வாங்கணும் தம்பி. வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு அடாப்டர் லேபிளயும் படிங்க. 12 வோல்ட் தான் அதிகம், ஆனா பழைய குட்டி ரவுட்டர்ல சிலது 9 வோல்ட், பின் ஒரே சைஸ்ல இருக்கிறதால உள்ள போய்டும், 12 குடுத்தா பெட்டி காலி. ஆம்பியர் யூபிஎஸ்ல கூட இருந்தா பரவால்ல, கம்மியா இருக்கக் கூடாது.

பழையமோடம்:
லேபிளை போட்டோ எடுத்து இங்கேயே போட்டுவிடுங்கள் தம்பி, வாங்கும் முன் பார்த்துச் சொல்கிறோம்.